நாற்பது ‘ஆமாங்க’வும் நான் எழுதிய ‘இல்லை’யும்

உங்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து, திங்கட்கிழமையிலிருந்து ஊர் ஊராகப் போகச் சொல்லியிருக்கிறார்களாம். போவதற்கு முன் என்னிடம் ரெண்டு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று உங்கள் பேராசிரியை அனுப்பி வைத்திருக்கிறார். கேள்வியை எப்படி அமைப்பது, வந்த பதிலை எப்படிக் கூட்டிப் பிரிப்பது என்பதையெல்லாம் அவரே சொல்லிக்கொடுத்திருப்பார். எனக்கு அதில் பெரிய தேர்ச்சி கிடையாது. ஆனால் களப்பணியில் செய்யக்கூடிய தப்புகளில் அநேகத்தை நான் செய்து பார்த்திருக்கிறேன். அவற்றில் முதலாவதைச் சொல்கிறேன். அதுதான் பெரியதும்கூட.

ஐம்பதுகளின் கடைசி. பழனி அடிவாரத்தில் அப்பாவுக்கு விபூதி, சந்தனம், கற்பூரம் விற்கிற கடை. நான் மதுரையில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். என் ஜாதகம் மட்டும் ஊர் ஊராகப் போய் வந்துகொண்டிருந்தது. அப்போது பேப்பரில் ஒரு விளம்பரம். கொடைக்கானலில் தங்கி ஆராய்ச்சி செய்யும் வெளிநாட்டு அம்மையார் ஒருவருக்குத் தமிழும் இங்கிலீஷும் தெரிந்த பெண் உதவியாளர் தேவை. மதுரையிலேயே ஒரு பள்ளிக்கூட வேலை வந்தபோது, “வயசுப்பிள்ளை தனியா என்னத்துக்கு?” என்று மறித்த அப்பா, இதைக் கேட்டதும், “யாரு, வெள்ளைக்காரம்மாவா? அப்பச் சரி, போயிட்டு வா” என்றார். மதுரையில் போகிற மானம் மலையில் மட்டும் எப்படிப் போகாமல் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டார்.

அம்மையார் ஜெர்மனியில் பிறந்தவர். யூதக் குடும்பம். மாணவியாக இருந்தபோதே அந்த நாட்டை விட்டுத் தப்பி ஓடி, கடைசியில் அமெரிக்காவில் பேராசிரியை ஆனவர். சீசனுக்கு வந்த மற்ற வெள்ளைக்காரர்கள் ஏரியில் படகு விட்டுக்கொண்டிருந்தபோது, இவர் தகரக் கூரை போட்ட ஒரு காட்டேஜில் டைப்ரைட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவரை ஒரே ஒரு கேள்வி தூங்கவிடாமல் செய்தது. பக்கத்து வீட்டில் இருந்த தபால்காரர், ரொட்டிக் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார் என்று நல்லவர்களாகத் தெரிந்த அத்தனை பேரும் ஒரு சர்வாதிகாரிக்கு எப்படிக் கை உயர்த்தினார்கள்? அவருடைய ஆசிரியர்கள் அதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். அடங்கிப் போகிற பழக்கம் முதலில் வீட்டில்தான் உண்டாகிறது. அப்பாவுக்கு நடுங்குகிற பிள்ளை, புருஷனுக்கு நடுங்குகிற மனைவி, ‘நம்ம ஆளுக உசத்தி, அவங்க மட்டம்’ என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிற வீடு. இதெல்லாம் ஒன்று சேர்ந்தால் மேலே ஒருவன் வந்து உட்கார இடம் தயார் ஆகிவிடுகிறது. இது மலைக் கிராமத்துக்கும் பொருந்துமா என்று பார்க்கத்தான் அம்மையார் வந்திருந்தார்.

எனக்கு மேலே ஒரு சூப்பர்வைசர். மதுரைக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். ஜீப்பையும் அவரே ஓட்டுவார். கேள்விகள் அச்சடித்த பாரத்தில் பேனா கோட்டுக்கு வெளியே ஒரு நூல் போனாலும் திரும்ப எழுத வைப்பார். முதல் நாளே என்னை நிற்க வைத்து, “இங்க பாரும்மா, இந்த ஆராய்ச்சில நான் சொல்றதுதான். எதிர்க்கேள்வி கூடாது. கீழ்ப்படியாம உலகத்துல எந்த வேலையும் நடக்காது” என்றார்.

“சார், நம்ம பாரத்துல மூணாவது கேள்வியே அதுதான் சார்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஜீப்பில் என் இடம் பின்பக்கம், ஸ்டவ்வுக்கும் பாரக்கட்டுக்கும் நடுவில் என்று ஆயிற்று.

ஒருநாள் சாயங்காலம் அம்மையார் என்னை ஏரிக்கரை விடுதி ஒன்றுக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனார். பரிமாறுகிற பேரர் வந்தார். அம்மையாருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு கப் வைத்தார். அப்புறம் என் பக்கம் குனிந்து, மெதுவான தமிழில், “ஆயாம்மா, உங்களுக்குப் பின்னாடி கிச்சன்கிட்ட பெஞ்சு இருக்கு” என்றார்.

நான் எழுந்துவிட்டேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கம். யோசிக்கக்கூட இல்லை, காலே எழுந்துகொண்டது.

அம்மையார் என் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார். பேரரிடம் இங்கிலீஷில், “இங்கே இந்தியர்கள் உட்காரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“நோ மேடம். சட்டமெல்லாம் போயி ரொம்ப வருஷம் ஆச்சு மேடம்.”

“பிறகு?”

பேரர் கொஞ்சம் யோசித்தார். “போயிருச்சுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலை மேடம்” என்றார், மிகப் பணிவாக.

இரண்டாவது கப் வந்தது. டீ ஆறியிருந்தது. அம்மையார் சொன்னார்: “நான் பிறந்த ஊரில் என்னை வெள்ளைக்காரி என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ வேற இனம், வெளியே போ என்றார்கள். இங்கே வந்துதான் நான் வெள்ளைக்காரி ஆனேன். டிக்கெட் வாங்கிய செலவு மட்டும்தான்.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் பிஸ்கட்டைக் கடித்தேன். இனம் என்பது தோலில் இல்லை, யார் யாருக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது என்று பிற்பாடு தடித்தடியான புத்தகங்களில் படித்தேன். அந்தப் பேரர் அதை ஒரு கப்பிலேயே சொல்லிவிட்டிருந்தார்.

அடுத்த வாரம் பூம்பாறையைத் தாண்டி ஒரு மேல்மலை ஊருக்குப் போனோம். பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். தான் வந்தால் ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று அம்மையார் வரவில்லை. ஆனால் ஜீப் வந்தது, ஜீப்புக்குள்ளே சூப்பர்வைசரின் பட்டாளத்து மீசை வந்தது. எனவே ஊர்க்காரர்கள் எங்களை சர்க்கார் என்று முடிவுகட்டினார்கள். பஸ் ரோடு போடுவதற்கு அளக்க வந்திருக்கிறார்கள் என்று பேச்சு பரவிவிட்டது.

ஊர் மணியக்காரர் வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். மணியக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பதில் சொல்ல வந்த ஒவ்வொருவரும் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் சூப்பர்வைசர் மீசையைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் என்னைப் பார்த்து, “ஆமாங்க” என்றார்கள்.

“பிள்ளைங்க கேள்வி கேக்காம அடங்கி நடக்கணும்னு சொன்னா ஒத்துக்கிடுவீங்களா?”

“ஆமாங்க.”

“நாட்டைப் பலசாலி ஒருத்தர் கையில மொத்தமா ஒப்படைச்சாத்தான் உருப்படும். என்ன சொல்றீங்க?”

“ஆமாங்க. ரோடு எப்ப வருங்க?”

இனத்தைப் பற்றிய கேள்வியை மொழிபெயர்க்க நான் மூன்று நாள் திண்டாடியிருந்தேன். சாதி என்று போட்டால் அடிதடி ஆகும் என்று சூப்பர்வைசர் சொன்னதால் ‘இனம்’ என்றே வைத்தோம். “பிறவியிலயே சில இனம் உசத்தி, சில இனம் மட்டம்னு சொல்றாங்களே?” என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அதுல என்னம்மா சந்தேகம்? காங்கேயம்தான் உசத்தி. நம்ம மலை மாடு கட்டை. ஆனா மலை ஏத்தத்துக்கு இதுதான் தாங்கும்.” நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசரைப் பார்த்தேன். “ஆமான்னு போடு” என்றார். ஆக, அந்தப் பெரியவர் ஆராய்ச்சிக் கணக்கில் இனவெறி பிடித்தவர் ஆகிவிட்டார்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு ஆளிடம் கேள்வியை வேண்டுமென்றே தலைகீழாக்கி, “பிள்ளைங்க யாருக்கும் அடங்க வேண்டியதில்லை, அப்படித்தானே?” என்று கேட்டேன்.

“ஆமாங்க.”

பெண்களைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது விதி. அதற்குத்தான் என்னை வேலைக்கே வைத்திருந்தார்கள். மணியக்காரரோ, “பொம்பளைகள என்னத்துக்கு வெளிய கூப்பிட்டுக்கிட்டு? எல்லாத்துக்கும் ஆமான்னு போட்டுக்கங்க, நான் சொல்றேன்ல” என்றார். அவர் மனைவி பொன்னுத்தாயி நிலைப்படிக்கு உள்ளே நின்று எங்களுக்குக் காப்பியை மட்டும் நீட்டினாள். எனக்கு மணியக்காரர் மேல் எரிச்சலாக வந்தது.

நாற்பது பாரம். நாற்பதிலும் ஆமா. அம்மையார் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “எல்லாரும் எல்லாவற்றுக்கும் ஆமா என்றால் நான் இதை வைத்து என்ன செய்ய? அந்த ஊரில் ஒரு மனிதருக்குக்கூடவா இல்லை என்று சொல்லத் தோன்றியிருக்காது? திரும்பப் போய் நன்றாகப் பாருங்கள்” என்றார்.

போவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பாதையில் மண் சரிந்து கிடக்கிறது என்று சொன்னார்கள். மத்தியானம் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, நாற்பது புதுப் பாரங்களை மேஜைமேல் வைத்தார்.

“மேடத்துக்கு ‘இல்லை’ வேணுமாம். அங்கங்க போட்டு எழுதிரு. கலந்து போடு, ஒரே மாதிரி இருக்கப்படாது.”

“சார், அது பொய் சார்.”

“அந்த ‘ஆமா’ மட்டும் நெசமா? எழுதும்மா. இது ஆர்டர்.”

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. பாதி நியாயத்தை வைத்துக்கொண்டு முழுத் தப்பையும் செய்ய வைப்பது சுலபம், கவனமாக இருங்கள். வேலை போனால் பழனி. பழனிக்குப் போனால் ஜாதகம். எழுதினேன். கறியில் உப்புப் போடுகிற மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக ‘இல்லை’ தூவினேன். மணியக்காரர் பாரம் வந்தபோது மட்டும் கை தானாக ஓடியது. ‘மனைவி கணவன் சொல்லை மீறக் கூடாது’ என்பதற்கு எதிரே, கொட்டை எழுத்தில், இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு பாரத்தை மட்டும் நான் ஆர்டருக்காக எழுதவில்லை, ஆசைப்பட்டே எழுதினேன்.

அம்மையார் அதைப் படித்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இப்படி ஒரு கிராமத் தலைவரா? அவரை உடனே நேரில் பார்க்க வேண்டும்! எனக்குக் காய்ச்சல் வந்தால் தேவலை என்று இருந்தது. வரவில்லை. பாதை சரியானதும் மூன்று பேரும் கிளம்பினோம்.

வெள்ளைக்காரம்மாவே வந்துவிட்டார், அப்படியானால் ரோடு நிச்சயம் என்று ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. சூப்பர்வைசர் என் காதில், “அந்தம்மா என்ன கேட்டாலும் நீ மாத்திச் சொல்லு” என்றார். அதற்கும் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அம்மையார் தமிழ் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார் என்பதை நாங்கள் இருவரும் மறந்துபோனோம். அவர் கைப்பையிலிருந்து மணியக்காரர் பாரத்தை எடுத்து, விரலை வைத்து, எழுத்துக் கூட்டித் தாமே வாசித்தார்.

“மனைவி... கணவன் சொல்லை... மீறக் கூடாது. நீங்கள்... இல்லை... சொன்னீர்கள். மிக நன்று!”

மணியக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். “யாரு... நானா?” என்றார்.

அந்த நேரம் நிலைப்படிக்கு உள்ளேயிருந்து பொன்னுத்தாயியின் குரல் கேட்டது.

“ஆமா, நீங்கதான் சொன்னீக. நான் அடுப்படியிலருந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.”

மணியக்காரர் மனைவியைப் பார்த்தார். வெள்ளைக்காரம்மாவைப் பார்த்தார். பாரத்தைப் பார்த்தார். கூடியிருந்த ஊரைப் பார்த்தார். வியர்த்துவிட்டது மனுஷனுக்கு, அந்தக் குளிரில்.

“காயிதத்துல இருந்தா... சரியாத்தாங்க இருக்கும்” என்றார்.

பொன்னுத்தாயி நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தாள். “அப்ப நாளைக்கு வெள்ளனே கெளம்பி அய்யம்பாளையத்துக்குப் போறேன். எந்தங்கச்சியப் பாத்து மூணு வருசம் ஆச்சு. எப்பக் கேட்டாலும் பூண்டுச் சோலி கெடக்கும்பாக.” பிறகு அம்மையாரைப் பார்த்துக் கும்பிட்டு, “நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா, போகட்டுமான்னு” என்றாள்.

இதை ஒரு சொல்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தேன். அம்மையார் மணியக்காரரை ஆவலோடு பார்த்தார்.

“போயிட்டு வரட்டுங்க” என்றார் மணியக்காரர். சர்க்காருக்குப் பயந்து, சர்க்காரே இல்லாத ஒரு அம்மாள் முன்னால், தாம் சொல்லாத ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு, மனைவிக்கு விடுதலை கொடுத்தார். அம்மையார் கைதட்டினார். அவர் தட்டியதால் ஊரும் தட்டியது.

திரும்பி வந்ததும் அம்மையார் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தார். சூப்பர்வைசர் ஒரு தாளை என் முன் நீட்டினார். ‘இப்பாரங்களில் உள்ளவை யாவும் அவரவர் என் முன்னிலையில் சொன்ன பதில்களே’ என்று அதில் இருந்தது. “வெரசா கையெழுத்துப் போடு. அமெரிக்காவுக்கு அனுப்பணும்.”

“மாட்டேன் சார்” என்றேன்.

“என்ன?”

குரல் வெளியே வரவில்லை போல. “மாட்டேன் சார்.”

“என்னம்மா முணுமுணுக்கற?”

மூன்றாவது தடவை சொன்னபோது டைப்ரைட்டர் சத்தம் நின்றுவிட்டது. நான் கத்தியிருக்கிறேன். அம்மையார் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன், காங்கேயம் மாடு உட்பட.

அவர் கோபப்படவில்லை. “நீ ஏன் எழுதினாய்?” என்று மட்டும் கேட்டார்.

“சார் எழுதச் சொன்னார்.”

அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் நான் என் நாட்டை விட்டு ஓடி வந்தேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மையார் சூப்பர்வைசரிடம் திரும்பினார். “நீங்கள் ஏன் எழுதச் சொன்னீர்கள்?”

மனுஷன் அட்டென்ஷனில் நின்றார். “மேடம், நீங்கதான ‘இல்லை’ வேணும்னு சொன்னீங்க? நல்லாப் பாருங்கன்னீங்க. உங்க ஆர்டர் மேடம்.”

அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அம்மையார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தார். அது ரொம்ப சந்தோஷமான சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். “ஜெர்மனியிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, நான் தேடியதை என் வராண்டாவிலேயே கண்டுபிடித்திருக்கிறேன். மூன்று பேர். நானும் ஒருத்தி” என்றார். நாற்பது பாரங்களையும் அவரே கணப்பு அடுப்பில் போட்டார். சூப்பர்வைசரை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஜீப்பின் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். என்னிடம், “நீ தனியாகப் போ. ஜீப் வேண்டாம், பாரம் வேண்டாம், நான் வேண்டாம்” என்றார்.

பூம்பாறை வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கிருந்து நடந்தேன். போய்ச் சேரும்போது மணியக்காரர் தோட்டத்தில் இருந்தார். பொன்னுத்தாயி உள்ளே உட்கார்ந்து பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே பரணில் ஊர்ப்பட்ட பூண்டு புகையில் தொங்கியது. நானும் உட்கார்ந்து கட்டினேன். நான் கட்டியதை அவள் அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

“தங்கச்சியப் பாத்தீங்களா அக்கா?”

“ஒம்பது நாளு இருந்துட்டு வந்தேன்.”

நெஞ்சில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். “அக்கா, அந்தப் பாரம் பொய். அவரு அப்படிச் சொல்லவே இல்லை. நான்தான் எழுதினேன்.”

“எனக்குத் தெரியாதாக்கும்? இருவத்தஞ்சு வருசமா அந்த மனுசனோட குடும்பம் நடத்துறேன்.”

“தெரிஞ்சேவா ‘சொன்னாரு’ன்னு சொன்னீங்க?”

“வெள்ளைக்காரம்மாவும் காயிதமும் முன்னால இருக்கையில அவரு ‘நான் சொல்லலை’ன்னு சொல்ல மாட்டாருன்னும் தெரியும்ல?” என்றாள், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்தக் காயிதத்த என்னம்மா செஞ்சீக?”

“எரிச்சாச்சு.”

“அடப் பாவிகளா! எரிக்கிறதுக்குப் பதிலா எங்கிட்டக் கொடுத்திருக்கலாம்ல? வருசத்துக்கு ஒருக்கா எடுத்துக் காட்டியிருப்பேனே!”

இரண்டு பேரும் சிரித்தோம். அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் பேசினாள். பிள்ளைகளை எப்போது அடிப்பது, எப்போது அடிக்கிற மாதிரி கையை ஓங்குவது, மணியக்காரரிடம் எந்தச் சேதியைச் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது. சர்வாதிகாரத்தைப் பற்றி அதற்கப்புறம் நான் எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு நுணுக்கமாக யாரும் சொன்னதில்லை.

கிளம்பும்போது, விட்டுப்போகக் கூடாதே என்று, பழைய கேள்வியை அவளிடமே கேட்டேன். “மனைவி கணவன் சொல்லை மீறக் கூடாதுன்னு சொல்றாங்களே, நீங்க என்னக்கா சொல்றீங்க?”

வாசலில் மணியக்காரர் மண்வெட்டியைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பொன்னுத்தாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“ஆமான்னு போட்டுக்க” என்றாள் சத்தமாக. என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தாள்.

நோட்டில் ‘ஆமா’ என்று எழுதிக்கொண்டேன். அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அதற்குத் தோதான கட்டம் ஒன்று இனி உங்கள் யாருக்காவது கிடைத்தால், வந்து சொல்லிவிட்டுப் போங்கள்.